படகு விட சட்டம் எதுக்கு?

அப்பா இங்கே வந்து மூன்றாம் நாள் காலை காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்ட கேள்வி இது. "ஏம்மா, படகு விட சட்டம் எதுக்கு?"

முப்பத்திரண்டு வருஷம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவர் அவர். வீட்டுக் குழாய் இணைப்புக்கு மனு எழுதினால்கூட அரசாணை எண், நாள், பத்தி எல்லாம் போட்டுத்தான் எழுதுவார். சட்டம் இல்லாமல் ஒரு துரும்பு அசையலாம் என்று அவர் நினைத்து நான் பார்த்ததே இல்லை. அவருக்கே தோணி விஷயத்தில் மட்டும் சட்டம் அதிகப்படியாகத் தெரிந்தது. ஊரில் கொள்ளிடத்தில் தண்ணி வந்தால் ஓடக்காரர் ஓடத்தை எடுப்பார், காசைக் கொடுத்தால் அக்கரை. அவ்வளவுதானே?

நான் அப்போது கைபேசியில் படித்துக்கொண்டிருந்தது 2025-இல் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றத்தில் வந்த ஒரு மசோதா. கார் ஏற்றாமல் ஆட்களை மட்டும் ஏற்றும் ஃபெர்ரிகளைப் பெருக்குவதற்கான மசோதா அது. கிரெக் நான்ஸ் என்ற எங்கள் பக்கத்து உறுப்பினர் கொண்டுவந்தது. அதற்கு அவர் வைத்த செல்லப்பெயர் கொசுப் படைச் சட்டம். பெயரைக் கேட்டதும் அப்பா காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். இது வெள்ளை மாளிகை இருக்கும் வாஷிங்டன் இல்லை. அது நாட்டின் அந்தக் கோடி, நாங்கள் இந்தக் கோடி. சியாட்டிலுக்கு மேற்கே, பியூஜெட் சவுண்ட் என்கிற உள்கடலுக்கு அந்தப் பக்கம், பிரெமர்ட்டன். கடற்படையின் கப்பல் கட்டும் தளம் ஊரின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. சியாட்டிலில் வீட்டு விலை கேட்டுத் தலைசுற்றிப் போனவர்கள் பலர் இந்தக் கரையில்தான் வந்து விழுந்தோம். நேர்கோட்டில் பார்த்தால் சியாட்டில் பதினைந்து மைல்கூட இல்லை. ரோட்டில் போனால் தெற்கே இறங்கி, டகோமா பாலம் ஏறிச் சுற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டர். நடுவில் இருப்பது தண்ணீர். ஆகவே படகு.

அந்தப் படகு இரண்டு வகை. ஒன்று மாநில அரசின் கார் ஃபெர்ரி. நூற்றுக்கு மேல் கார்களை வயிற்றில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தில் நிதானமாக அக்கரை சேரும். நடந்து ஏறுகிறவர்களுக்கு சியாட்டில் பக்கம் போகும்போது டிக்கெட்டே கிடையாது, திரும்பும்போதுதான். இன்னொன்று எங்கள் கிட்சாப் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) போக்குவரத்து நிறுவனம் விடும் வேகப்படகு. 118 பேர் ஏறலாம், ஒரு கார்கூட இல்லை, அரை மணி நேரத்தில் சியாட்டில். இந்த இரண்டாவது படகு வந்து சேர எத்தனை சட்டம் எழுத வேண்டியிருந்தது என்பதுதான் அப்பாவுக்கு நான் சொன்ன கதை. அவர் குறுக்கே கேட்ட கேள்விகளையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி விஷயம் அவற்றில்தான் எனக்கே விளங்கியது.

கொசுப் படை என்ற பெயர் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த உள்கடல் முழுக்கச் சின்னச் சின்ன நீராவிப் படகுகள். ரோடு கிடையாது, இருந்தாலும் மழையில் சேறு. ஒவ்வொரு தீவுக்கும் ஒவ்வொரு குடாவுக்கும் ஒரு மரத்துறை, ஒரு படகு. ஆள், பால், முட்டை, கடிதம் எல்லாம் அதில்தான். சியாட்டில் துறையில் மொய்ப்பதைப் பார்த்தவர்கள் கொசு என்றார்கள். அன்றைக்கு விட்டவர்கள் எல்லாம் தனி ஆட்கள், சின்னக் கம்பெனிகள். அப்பா சொன்ன ஓடக்காரரேதான், கொஞ்சம் நீராவியோடு.

அப்புறம் கார் வந்தது. ஆட்கள் போய் வந்த படகில் காரை ஏற்ற வேண்டும் என்றானதும் படகு பெரிதாக வேண்டும், துறை பெரிதாக வேண்டும், முதல் பெரிதாக வேண்டும். சின்னவர்கள் ஒவ்வொருவராகக் கரைந்து, 1930-களில் பிளாக் பால் என்ற ஒரே கம்பெனி கடலை ஏறக்குறைய முழுசாகப் பிடித்துக்கொண்டது. போருக்குப் பிறகு அந்தக் கம்பெனி கட்டணத்தை முப்பது சதவீதம் ஏற்றக் கேட்டது, மாநிலம் மறுத்தது, 1948-இல் முதலாளி அலெக்சாண்டர் பீபாடி படகுகளைக் கட்டிப் போட்டுவிட்டார். தீவில் இருந்தவர்கள் தீவிலேயே. அந்தக் கோபத்தின் தொடர்ச்சிதான், 1951 ஜூன் 1 முதல் ஃபெர்ரி மாநில அரசின் கையில் வந்தது.

அதுவும் தற்காலிகமாகத்தான். கடலின் குறுக்கே பாலங்கள் கட்டி முடிக்கும் வரை ஃபெர்ரியை நடத்துவோம் என்பதே அன்றைய திட்டம். பாலம் வரவில்லை. இதைச் சொன்னதும் அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அவர் வேலை பார்த்த பிரிவில் ஒரு தற்காலிகப் பணியிடம் வருஷா வருஷம் நீட்டிப்பு ஆணை வாங்கி, அதில் உட்கார்ந்தவர் ஓய்வு பெற்று, அடுத்தவரும் ஓய்வு பெற்றாராம்.

படகுகளை வாங்கப் பணம் வேண்டும். கடன் பத்திரம் விற்றார்கள். கட்டண வருமானத்திலிருந்து கடனை அடைப்பதாக ஏற்பாடு. பத்திரம் வாங்குகிறவன் கேட்பானே, நாளைக்குப் பக்கத்துத் துறையில் இன்னொருத்தன் மலிவாகப் படகு விட்டால் என் பணம் என்ன ஆவது என்று? அதற்குத்தான் அந்த விதி. மாநிலப் படகு ஓடும் தடத்திலிருந்து பத்து மைலுக்குள் வேறு யாரும் ஃபெர்ரி நடத்தக்கூடாது. பத்து மைல் விதி என்றே இங்கே பெயர். இந்த உள்கடலின் அகலத்துக்குப் பத்து மைல் என்றால் மக்கள் நெருங்கி வாழும் கரை ஏறக்குறைய முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சிலதுக்கு விலக்கு உண்டு. மற்றபடி கடலுக்குக் கதவு போட்டு, சாவியை ஒலிம்பியாவில், அதாவது தலைநகரில், வைத்துக்கொண்டார்கள்.

"அதுதான் சட்டம் எதுக்குன்னு கேட்டீங்களே" என்றேன். "சட்டம் போட்டு மூடினதை சட்டம் போட்டுத்தான் திறக்கணும்."

"சரி. மூடினவங்களே ஒழுங்கா விட்டிருந்தா?"

விட்டார்கள், கொஞ்ச காலம். கார் இல்லாமல் ஆட்களை மட்டும் ஏற்றும் படகுகளை மாநிலமே 1980-களில் ஓட்டத் தொடங்கியது. 1998-இல் சினூக் என்ற வேகப்படகு, அடுத்த வருஷம் ஸ்னோஹோமிஷ். ஒவ்வொன்றிலும் 350 பேர் ஏறலாம், பிரெமர்ட்டனிலிருந்து சியாட்டில் சுமார் 35 நிமிடம். ஊர் கொண்டாடியது. ஆனால் 1999 ஒரே வருஷத்தில் இரண்டு இடி விழுந்தது.

முதல் இடி அலையால். எங்கள் ஊருக்கும் திறந்த கடலுக்கும் நடுவே ரிச் பாசேஜ் என்று ஒரு குறுகிய, வளைந்த நீர்வழி இருக்கிறது. இருபுறமும் கரையை ஒட்டி வீடுகள். வேகப்படகு கிளப்பிய அலை கரையின் மணலையும் கூழாங்கல்லையும் அரித்துக்கொண்டு போகிறது, தடுப்புச் சுவரின் அடி தெரிகிறது என்று வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வேகத்தைக் குறை என்று கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2000-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஆனாலும் அரிப்பு அரிப்புதானே, கடைசியில் படகை அந்த இடத்தில் மெதுவாகத்தான் விட வேண்டி வந்தது. வேகப்படகை மெதுவாக ஓட்டினால் அது டீசல் அதிகம் குடிக்கும் சாதாரணப் படகு.

இரண்டாவது இடி பணத்தில். 1999 நவம்பரில் 695 என்ற எண்ணுள்ள மக்கள் முன்மொழிவு வாக்கெடுப்பில் ஜெயித்தது. காரின் மதிப்பை வைத்து வருஷா வருஷம் வாங்கிய வரியை ஒழித்து, எல்லாக் காருக்கும் முப்பது டாலர் போதும் என்றார்கள். நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் அதற்குள் சட்டமன்றமே பயந்துபோய் வரியைக் குறைத்துவிட்டது. ஃபெர்ரிகள் வயிறு நனைந்ததே பெருமளவு அந்த வரியில்தான். காருக்கு வரி குறைந்தது, கார் இல்லாதவன் படகு நின்றது என்று நான் சுருக்கிச் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

2003-இல் பிரெமர்ட்டன் வேகப்படகை மாநிலம் நிறுத்தியது. சினூக்கும் ஸ்னோஹோமிஷும் சில வருஷம் சும்மா கட்டிக் கிடந்து, பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் விற்கப்பட்டு, கோல்டன் கேட், நாப்பா என்று பெயர் மாறி ஓடின.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. மாநிலம் விற்ற ஆள்-மட்டும் படகுகளில் இன்னும் இரண்டு உண்டு, ஸ்காகிட், கலாமா. வேஷான் தீவுக்கும் சியாட்டிலுக்கும் நடுவே வருஷக் கணக்கில் அலுவலகம் போகிறவர்களைச் சுமந்தவை. 2011-இல் விற்கப்பட்டு ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போயின. 2012 ஜூலை 18 அன்று தார் எஸ் சலாமிலிருந்து சான்சிபாருக்குப் போன ஸ்காகிட், பொங்கிய கடலில் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அமைதியான உள்கடலில் அரை மணி ஓட்டத்துக்காகக் கட்டிய படகு அது. அதில் தினம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்த ஒருவர் என்னோடு வேலை பார்த்தார். படகின் படத்தைச் செய்தியில் பார்த்ததும் தான் வழக்கமாக உட்காரும் ஜன்னல் எது என்று தேடினேன் என்றார். அப்பா இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். படகை நிறுத்திய அதே 2003-இல் சட்டமன்றம் ஒரு சாவியைக் கீழே போட்டது. உள்ளூர் போக்குவரத்து அமைப்புகள் வேண்டுமானால் ஆள்-மட்டும் ஃபெர்ரி நடத்திக்கொள்ளலாம், மக்களிடம் கேட்டு வரியும் போட்டுக்கொள்ளலாம். அப்பா உடனே பிடித்துக்கொண்டார். "உள்ளாட்சிக்கு அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுக்கறோம்னு மேலேருந்து ஒரு கடுதாசி வந்தா, நிதி வராதுன்னு அர்த்தம்." அதேதான். கிட்சாப் மக்களிடம் 2003 நவம்பரில் கேட்டார்கள், தோற்றது. 2007 பிப்ரவரியில் கேட்டார்கள், அதுவும் தோற்றது. நடுவில் தனியார் முயன்றார்கள். கிங்ஸ்டன் என்ற சின்ன ஊரிலிருந்து 2005 ஜனவரியில் தொடங்கிய ஒரு சேவை செப்டம்பரில் மூடப்பட்டது. பிறகு அந்த ஊர்த் துறைமுகமே 2010 முதல் 2012 வரை ஓட்டிப் பார்த்துக் கைவிட்டது. டிக்கெட் காசில் மட்டும் டீசலும் மாலுமி சம்பளமும் கட்டுபடியாகாது என்பது இந்த இரண்டு தடவையும் தெளிவாயிற்று. இதில் எனக்கு வியப்பு இல்லை. ரோடு டிக்கெட் காசிலா நிற்கிறது?

அப்புறம் வந்தது 2015. மாநிலம் பெரிய போக்குவரத்து நிதித் தொகுப்பு ஒன்றை நிறைவேற்றியது. அதற்குள் ஒரு மூலையில், ஆள்-மட்டும் ஃபெர்ரி மாவட்டம், அதாவது படகு விடவும் அதற்கு மக்களிடம் வரி கேட்கவும் ஓர் உள்ளூர் அமைப்பு, அமைக்க ஒரு பிரிவு. யார் அமைக்கலாம்? பியூஜெட் சவுண்டின் மேற்குக் கரையை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிற, இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள, மாநில ஃபெர்ரித் துறை ஒன்றாவது இருக்கிற கவுண்டியின் போக்குவரத்து அமைப்பு.

இதை அப்பாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். வரைபடத்தை எடுத்து வரச் சொன்னார். விரலை வைத்து மேற்குக் கரையை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். "இதெல்லாம் ரெண்டு லட்சம் இருக்குமா? இருக்காதுல்ல? அப்ப உங்க ஊர் ஒண்ணுதான்." பேர் சொல்லாமல் ஆளைக் காட்டும் கலை! எங்கள் தாலுகாவில் ஒரே ஒருத்தருக்குப் பொருந்துகிற மாதிரி கல்வித்தகுதி, வயது, முன்அனுபவம் எல்லாம் போட்டு விளம்பரம் வரும் என்று ஆரம்பித்தார். அந்தக் கதை அரை மணி நேரம் போனது. அந்த மாலை முழுக்க இந்தச் சட்ட வரியை நினைத்து நினைத்து ரசித்தார். அமெரிக்கா மேல் அவருக்கு முதல் தடவையாக ஒரு பிடிப்பு வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு அதில் ரசனையோடு கொஞ்சம் எரிச்சலும் உண்டு. ஒரு கவுண்டிக்கு ஒரு சாவி, இன்னொரு கவுண்டிக்கு வேறு அளவில் இன்னொரு சாவி. சியாட்டில் இருக்கிற கிங் கவுண்டி வேறு பிரிவின் கீழ் 2007-இல் தனி ஃபெர்ரி மாவட்டம் அமைத்து, மாநிலம் கைகழுவிய வேஷான் தடத்தை எடுத்துக்கொண்டது. மேற்கு சியாட்டிலுக்கும் வாட்டர் டாக்சி விடுகிறது. 2020 மார்ச்சில் மேற்கு சியாட்டில் பாலத்தில் விரிசல் கண்டு மூடி, 2022 செப்டம்பர் வரை திறக்கவில்லை. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கத்தான் அந்தப் படகு என்று கிண்டல் செய்தவர்களே அதில் வரிசை கட்டினார்கள். அந்தப் படகு அங்கே தயாராக இருந்ததற்குக் காரணம், பாலம் நன்றாக இருந்த காலத்திலேயே யாரோ அதற்கு வரி கட்டியது.

கிட்சாப்பில் 2016 நவம்பரில் மூன்றாவது தடவை கேட்டார்கள். விற்பனை வரியில் கூடுதலாக 0.3 சதவீதம், அதாவது பத்து டாலருக்கு மூன்று சென்ட். பாதிக்குச் சற்று மேல் வாக்கு வாங்கித் தப்பித்தது. 2017 ஜூலை 10 அன்று பிரெமர்ட்டனிலிருந்து படகு கிளம்பியது. 2018-இல் கிங்ஸ்டன், 2021-இல் சவுத்வர்த். கட்டணம் தொடங்கியபோது வேடிக்கையாக இருந்தது. சியாட்டில் போக 2 டாலர், திரும்ப 10. போகிறவன் எப்படியும் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்!

படகுப் பயணம் எனக்குப் பிடிக்கும், அந்த வரியால் என் நேரம் மிச்சமாகிறது. ஆனால் மனசாட்சியோடு சொன்னால், எதிர்த்து ஓட்டுப்போட்டவர்களின் வாதம் முட்டாள்தனமானதில்லை. இந்த மாநிலத்தில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. எதற்கெடுத்தாலும் விற்பனை வரி. கடையில் செருப்பு வாங்குகிற எல்லாரும் அந்த மூன்று சென்டைக் கட்டுகிறார்கள். அதில் சியாட்டிலில் கணினி முன் உட்கார்ந்து நல்ல சம்பளம் வாங்குகிற என் போன்றவர்கள் அரை மணியில் அக்கரை சேர்கிறோம். உள்நாட்டில், காட்டோரம் இருக்கிற ஒருவர் அந்தப் படகை வருஷத்தில் ஒரு நாள்கூட மிதிக்க மாட்டார். ஆஸ்பத்திரி, மகள் வீடு என்று சியாட்டில் போகிறவர்களுக்கும் இது உதவுகிறது என்று பதில் சொல்லலாம்தான். அந்தப் பதில் உண்மை, முழு உண்மையில்லை.

ஆனால் கார் ஃபெர்ரியே போதும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அந்தப் பெரிய கப்பல்களில் பல கிழடு தட்டியவை. கடலோரக் காவல் படை சொன்ன எண்ணிக்கையில் ஆட்கள் இல்லாவிட்டால் கப்பல் கிளம்பக்கூடாது. ஒரு மாலுமி வராவிட்டால் நூறு காரும் கரையில் நிற்கும். கொரோனாவுக்குப் பிறகு ஆள் பற்றாக்குறை, கப்பல் பற்றாக்குறை இரண்டும் சேர்ந்துகொண்டன. சின்னப் படகுக்கு மூன்று நான்கு பேர் போதும். 2023 ஏப்ரல் 15 அன்று வாலா வாலா என்ற கார் ஃபெர்ரி மின்சாரம் போய், அதே ரிச் பாசேஜில் கரை தட்டி நின்றது. உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள். அவர்களை இறக்கிக்கொண்டு வந்தது எங்கள் கவுண்டியின் ஆள்-மட்டும் படகுகள்தான். கொசுவைக் கூப்பிட்டு யானையைக் காப்பாற்றின கதை.

2025 மசோதாவின் சாரம், இந்தத் தனித்தனிச் சாவிகளுக்குப் பதிலாகப் பொதுவாக ஒரு வழி வைப்பது. கரையோர உள்ளூர் அமைப்புகள் கூடி ஃபெர்ரி மாவட்டம் அமைக்கலாம், அதற்கு வரி கேட்டு மக்களிடம் போகலாம். டகோமாவிலிருந்து சியாட்டில், விட்பி தீவிலிருந்து எவரெட், பெல்லிங்ஹாமிலிருந்து ஃப்ரைடே ஹார்பர் என்று தோதான தடங்களை 2021-இல் முடிந்த ஓர் ஆய்வு ஏற்கெனவே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. சாவியைப் பொதுவாக்குவது சரி என்பது என் கட்சி. ஆனால் கூடவே மாநிலம் பணத்திலும் பங்கு வைக்க வேண்டும். 2024-இல் கூடுதல் நடைகளுக்காக மாநிலம் கிட்சாப்புக்கும் கிங் கவுண்டிக்கும் காசு கொடுத்தது. கொடுக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது. சாவி மட்டும் கொடுத்தால், விற்பனை வரி அதிகம் வசூலாகும் பணக்காரக் கரைகளுக்குத்தான் படகு வரும். அப்பா இதை ஒரே சொல்லில் முடித்தார்: "மானியம்."

ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கரை போர்ட் ஆர்ச்சர்டுக்கு ஆட்களை மட்டும் ஏற்றும் சின்னப் படகில் கூட்டிப் போனேன். அந்தத் தடத்துக்கென்று கவுண்டி வைத்திருக்கும் படகுகளில் ஒன்று, 1917-இல் கட்டிய கார்லைல். பழைய கொசுப் படையில் மிஞ்சிய மிகச் சில படகுகளில் அது ஒன்று. மரப் பெஞ்சைத் தட்டிப் பார்த்தார். நூறு வயசைத் தாண்டிய படகு என்றேன். "ஓடத்துக்கு ஓய்வு வயசு கிடையாதா?" என்றார்.

திங்கள்கிழமை வேலைக்குப் போகும்போது வேகப்படகிலும் வந்தார். அதன் பெயரே ரிச் பாசேஜ். அலை வழக்கை மனதில் வைத்து, 2004 முதல் வருஷக் கணக்கில் கரைகளை அளந்து, அதற்கென்றே வடிவமைத்து, பெல்லிங்ஹாமில் கட்டியது. இரட்டை உடல், இலேசான கார்பன் நார்ப் பொருள், இரண்டு உடலுக்கும் நடுவே தண்ணீருக்குள் ஒரு இறக்கை. ஓடும் வேகத்தில் இறக்கை படகைத் தூக்கிப் பிடிக்கும். தண்ணீரைத் தள்ளுவது குறையும், அலையும் குறையும். ஆகவே இந்தப் படகு கரையைக் காப்பாற்ற வேண்டுமானால் குறுகிய இடத்தில் மெதுவாகப் போகக்கூடாது, வேகமாகப் போக வேண்டும். சினூக்குக்குப் போட்ட விதிக்கு நேர் எதிர்.

நீர்வழி நெருங்கியது. இரண்டு பக்கமும் மரங்களும் வீடுகளும் கிட்டே வந்தன. படகு வேகத்தைக் குறைக்கவில்லை. அப்பா இருக்கையைவிட்டு எழுந்து பின்ஜன்னலுக்குப் போய்விட்டார். கரையில் ஒருவர் நாயோடு நின்றிருந்தார், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் தண்ணீரில் வெள்ளையாக ஒரு கோடு, அதன் இருபுறமும் சின்ன மடிப்புகள். அவை கரை சேர்கின்றனவா என்று அப்பா கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "நாய் கால்வரைக்கும்தான் வந்துச்சு" என்றார்.